மஞ்சள் இருபத்தேழும் செக்போஸ்ட் 'என்ட்ரி'யும்

கல்வராயன் மலையில் ஏறியவர்கள், இறங்கியவர்கள் பற்றிக் கடவுளுக்கே சந்தேகம் வந்தாலும், அடிவாரச் செக்போஸ்டில் உட்கார்ந்திருக்கும் 'என்ட்ரி'யிடம்தான் வந்து கேட்டாக வேண்டும். அவருடைய நோட்டில் ஏறாமல் ஒரு ஈ கூட மலைக்குப் போனதில்லை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. "என்ட்ரி போட்டுட்டு போங்க" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொன்னவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

ஆட்டு மந்தை போனால் "ஆடு 64, கிடா 2, நாய் 1" என்று எழுதுவார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து கையெடுத்துக் கும்பிட்டாலும், "தாலி கட்டறது அப்புறம், மொதல்ல வண்டி நம்பர சொல்லுங்க" என்பார். மொபெட்டில் தினமும் தனக்குச் சோறு கொண்டுவரும் மனைவியையும் விட்டதில்லை.

"பதினஞ்சு வருசமா உங்கூட குடும்பம் நடத்திக்கினு கீறேன். என் பேரு கூடவா தெரியாது உனுக்கு?" என்று அந்த அம்மாள் ஒருநாள் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"பேரு தெரியும். நீ வந்த நேரம் தெரியணும் இல்ல?" என்று இவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நானும், மருந்துக்கடை சேகரும் சேர்ந்து ஒரு பறவை பார்க்கும் குழு நடத்துகிறோம். மொத்த உறுப்பினர்கள் நாங்கள் இருவரேதான். யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் எங்கோ சில பருந்துகளைப் பிடித்து, இறக்கையில் வண்ணப் பட்டை பொருத்தி, அதில் எண் எழுதிப் பறக்கவிட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எண்ணையும் இடத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். அதில் ஒன்று எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. மூன்று ஞாயிறு அதைத் துரத்தினோம். சேகர் நீள லென்ஸில் எடுத்த நானூறு படங்களில் கரண்டுக் கம்பி விழுந்தது, மேகம் விழுந்தது, ஒன்றில் என் காது விழுந்தது. எண் மட்டும் விழவில்லை.

நான்காம் ஞாயிறு செக்போஸ்ட் எதிரே அண்ணாந்து நின்றோம். என்ட்ரி டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னா சார் தேடறீங்க? மஞ்சப் பட்டை, இருவத்தேழா? காலைல ஏழு பத்துக்கு மேல போச்சு. இன்னும் எறங்கல" என்றார்.

ஓடுகிற லாரியின் எண்ணைப் படித்துப் பழகிய கண். நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஒரு மாதமாகப் பதிந்துவைத்திருந்தார். வாகன வகை: பருந்து. எண்: மஞ்சள் 27. ஓட்டுநர்: தானே. சரக்கு: ஓணான் ஒன்று. பயண நோக்கம்: சொந்த வேலை.

இதற்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. "இன்னாய்யா இது?" என்று அவர் கத்தினாராம். "லைசென்ஸ் மட்டும்தாங்க இல்ல, மத்ததெல்லாம் கரெக்டா கீது" என்று இவர் சொன்னாராம். அன்றிலிருந்து பருந்துக்குத் தனி நோட்டு.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதி அனுப்பினோம். 'உங்கள் குழுவின் துல்லியம் வியக்க வைக்கிறது' என்று பதில் வந்தது. நானும் சேகரும் கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஆளுக்கொரு ஸ்பெஷல் டீ குடித்தோம்.

பருந்து எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பினால் என்ட்ரியிடமிருந்து எனக்குப் போன் வரும். "உங்க பக்கம் வருது சார், பஸ் ஸ்டாண்டாண்ட பாருங்க." ஒருநாள் அது கறிக்கடைக்கு எதிரே செல்போன் டவர் உச்சியில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் நடுரோட்டில் அண்ணாந்து நிற்க, கூட்டம் கூடிவிட்டது. யாரோ கோரிக்கையோடு டவரில் ஏறிவிட்டார் என்று போலீஸும் வந்தது. "எதுவா இருந்தாலும் கீழ எறங்கி வா, பேசிக்கலாம்" என்று ஒருவர் பருந்திடம் பேச்சுவார்த்தை நடத்தினார். இதற்கிடையில் என்ட்ரியிடமிருந்து மறுபடி போன். "வந்து சேந்துச்சா? எழுதணும்."

"எதுக்குண்ணே இவ்ளோ பாடு?" என்று ஒருமுறை கிண்டலாகவே கேட்டேன்.

"ஒரு தபா டீ குடிக்க அந்தாண்ட போயிட்டேன் சார். ஒரு வண்டி எழுதாத மேல போயிடுச்சு. வளைவுல கவுந்து கெடந்துது. ரெண்டு நாளு ஒருத்தரும் தேடல. மேல போனது தெரிஞ்சாதானே தேடுவாங்க? அதுலேர்ந்து டீய இங்கியே வாங்கியாந்து குடிக்கிறேன்."

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை மதியம், திருக்கோவிலூரில் ஒரு ரிசப்ஷன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தனியாக ஸ்கூட்டரில் மலையேறினேன். ஒரு வளைவில், தலைக்கு மேல் மஞ்சள் பட்டை தெரிந்தது. நான் வானத்தைப் பார்த்தேன், வண்டி பள்ளத்தைப் பார்த்தது. உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்து கிடந்தேன். வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. போன் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. மேலே பஸ் போகிற சத்தம் கேட்கிறது, என் சத்தம் மேலே போகவில்லை. வீட்டில் தேடினாலும் திருக்கோவிலூரில்தான் தேடுவார்கள். இருட்டத் தொடங்கியதும் பயத்தில் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அப்போது மேலே ரோட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அறுவத்தொம்போது நாப்பத்தொண்ணு! அறுவத்தொம்போது நாப்பத்தொண்ணேய்!"

என் வண்டி எண். அவருக்கும் என் பெயர் தெரியாது!

"இங்க கீறேன்! நாப்பத்தொண்ணு இங்க கீது!" என்று கத்தினேன்.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போன காலி லாரியை மறித்து ஏறி, வளைவுக்கு வளைவு இறங்கிக் கூவிக்கொண்டே வந்திருக்கிறார். புதரை விலக்கி என்னைத் தூக்கியவர் கோபமாகத்தான் பேசினார். "இருவத்தேழு அஞ்சே காலுக்கே எறங்கிடுச்சு. அத பாக்கப் போன நீங்க எறங்கல. இன்னா சார் நீங்க?"

லாரி அடிவாரத்துக்கு வந்தது. தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. அவர் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருந்த மனைவி கையில் பேனாவோடு நின்றார். "யாரா இருந்தாலும் என்ட்ரி போட்டுட்டு போங்க!" நான் வலியில் முனக, என்ட்ரி குதித்து ஓடிப்போய்ப் பேனாவை வாங்கி எழுதிவிட்டு வந்த பிறகுதான் கட்டை தூக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ரிசப்ஷன்ல டான்ஸ் ஆடுனீங்களா?"

இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு நன்றி சொல்லப் போனேன். அவர் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். லாரிக்கு நேரே, 'சரக்கு: சார் ஒருவர்.' என் ஸ்கூட்டருக்கு நேரே, 'வண்டி இறங்கவில்லை. ஆள் இறங்கிவிட்டார்.' கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்த மனிதரின் கிறுக்கால்தான் இன்று இதை எழுத உயிரோடிருக்கிறேன். ஆராய்ச்சிக்காரர்களுக்கு உண்மையை எழுதி, பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் போட அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டேன். "என்ட்ரின்னே போடுங்க சார், அதுதான் எல்லாருக்கும் தெரியும்" என்றுவிட்டார்.

இப்போதும் மலைக்குப் போகிறேன். சில நாள் கட்டை தூக்கியே இருக்கும், நேரே போய்விடலாம். நான் வண்டியை நிறுத்தி எண்ணைச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் போகிறேன்.