திரு. சிவா வைத்த நண்டுக்கறி

அநியாயத்துக்கு ஆளானவர் என் அம்மா நவமணி. செய்தவர் என் அப்பா சிவானந்தம். ஆயுதம், ஒரே ஒரு ஆங்கிலப் பத்தி.

அப்பா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பாசிர் பெனம்பாங்கில் மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று, தன் சீன அலுவலர்களின் ஆங்கிலச் சொல்வளத்தையும் வாசிப்பையும் சோதித்துச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. கணக்காளர், இன்ஜினியர், தர அதிகாரி எல்லாரும் சீனப் பள்ளியில் படித்தவர்கள். கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டு ஹாலில்தான் தேர்வு. அம்மாவுக்கும் அந்தக் கம்பெனியில்தான் வேலை. அவரும் சீனப் பள்ளிதான். மாண்டரின் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அவரும் எழுதினார்.

எழுதினார் என்றா சொன்னேன்? பாதியில் எழுந்துபோய் அத்தனை பேருக்கும் தேநீர் கலக்கிக் கொண்டுவந்தார். அப்புறம்தான் உட்கார்ந்து, அப்பா எழுதியிருந்த பத்தியைப் படித்தார்.

‘திரு. சிவா விடியும் முன் எழுகிறார். வீட்டைக் கூட்டுகிறார். அவர் வைக்கும் நண்டுக்கறிக்கு ஊரே மயங்குகிறது. அவருடைய மனைவி சோபாவில் படுத்துப் போன் பார்க்கிறார்.’

என் அப்பா உயிருள்ள நண்டைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

கேள்வி: அந்த வீட்டில் சமைப்பது யார்? அம்மா ‘மனைவி’ என்று எழுதினார். அப்பா சிவப்பு மையில் தப்பு போட்டார். நான் போருக்குக் கிளம்பினேன்.

“அப்பா, இது அநியாயம்லா! அம்மாதானே சமைக்கிறாங்க?”

“உண்மை வேற, வாசிப்பு வேற. பத்தியில இருக்கிறதைத்தான் எழுதணும். தனக்குத் தெரிஞ்சதை வெச்சுப் பதில் சொல்லக் கூடாது. உலகம் பூரா இதான் ரூல்.”

“பத்தியே பொய்யா இருந்தா?”

“பொய் இல்லம்மா. கற்பனை.”

“பேரையாவது மாத்தியிருக்கலாமில்ல?”

“நாட்டுல எத்தனை சிவா இருக்காங்க!”

பல்கலைக்கழக விவாதப் போட்டியில் கோப்பை வென்றவள் நான். அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

அதற்குள், பத்தியை அப்படியே நம்பிவிட்ட கணக்காளர் மிஸ் லியூ அம்மாவிடம் மாண்டரினில் ஏதோ சொன்னார். “என்னம்மா சொல்றாங்க?” என்றேன்.

“‘உன் வீட்டுக்காரர் பாவம். டீயும் அவர்தான் போட்டு வெச்சிருப்பாரு, நீ தூக்கிட்டு மட்டும் வர்றே. கொஞ்சம் கைகொடுக்கக் கூடாதா?’ன்னு கேக்கறாங்க.”

என் ரத்தம் கொதித்தது. திங்கட்கிழமை கம்பெனி முழுக்க அம்மாவுக்குச் சோம்பேறிப் பட்டம்! பத்து வீட்டு வேலையை ஒரே ஆளாய்ச் செய்கிறவருக்கு!

அம்மா கத்தவில்லை. எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்து மாண்டரினில் நீளமாக என்னவோ சொன்னார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்குச் சீனத்தில் ஒரு சொல் தெரியாது. ஆனால் சோதிக்கிறவர் தெரியாது என்று சொல்லலாமா?

“யெஸ், யெஸ். ஆஃப் கோர்ஸ்!” என்று தலையாட்டினார்.

அவர்கள் போனதும் மெல்லக் கேட்டார். “என்ன சொன்ன, நவமணி?”

“உங்களைப் பத்திப் பெருமையாத்தாங்க.”

அப்பாவின் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது.

மறுநாள் காலை வாசலில் மூன்று கார். இன்ஜினியர் மிஸ்டர் ஊய் ஒரு சாக்கைத் தூக்கிவந்து சமையலறையில் வைத்தார். சாக்கு நகர்ந்தது. மிஸ் லியூ போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினார். “செஃப் சிவா!”

அம்மா சோபாவில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆயுளில் முதல் தடவை.

விருந்தாளிகளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அப்பா கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே கெஞ்சினார்.

“நவமணி, என்ன இது?”

“‘நாளைக்கு எங்க வீட்டுக்காரர் நண்டுக்கறி வெப்பாரு, எல்லாரும் வாங்க’ன்னேன். நீங்களும் சரின்னு தலையாட்டினீங்களே.”

“நீ உள்ள வந்து வெச்சிடும்மா. நான் கரண்டியோட வெளிய வர்றேன்.”

“கூடாது!” நான் குறுக்கே பாய்ந்தேன். “பத்தி பொய்ன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. இல்ல, சமைங்க!”

“என் மானம் என்னாவறது?”

“அம்மா மானம்?”

சாக்கின் வாய் அவிழ்ந்தது. ஒரு நண்டு வெளியே வந்து அப்பாவைப் பார்த்தது. அப்பா நாற்காலி மேல் இருந்தார்; சிரிப்பு மட்டும் மாறவில்லை.

“நவமணி! எனக்குச் சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது. அது உனக்குத் தெரியுமில்ல?”

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நல்லாத் தெரியும்ங்க. ஆனா தெரிஞ்சதை வெச்சுப் பதில் சொல்லக் கூடாதே. பத்தியில என்ன இருக்கோ, அதான்.”