‘மற்றும் ஒருவர்’ என்று அச்சிட்ட ஆசிரியருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். தங்கள் இசை விமர்சகரின் காதுகளைப் பற்றி மட்டும் அப்படி விரும்ப முடியாத நிலையில் இருக்கிறேன். ஏன் என்பதை விளக்கவே இக்கடிதம்.

நான் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் பிறருக்குப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். ராக் இசைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் தங்கள் சென்ற இதழை வாங்கினேன். ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழுவின் நிகழ்ச்சியைப் பற்றித் தங்கள் விமர்சகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். பாடகருக்கு ஒரு பக்கம். லீட் கிட்டார்காரருக்கு ஒரு பக்கம். மிச்சத்தில் டிரம்ஸ், பேஸ், கூட்டம், ஒலிபெருக்கி, வாசலில் விற்ற பனியன் எல்லாம் வந்துவிடுகின்றன. கடைசி வரியில் “ரிதம் கிட்டாரில் மற்றும் ஒருவர்” என்று இருக்கிறது. ஐயா, பனியனுக்குக்கூட என்ன நிறம் என்று சொல்லியிருக்கிறார். படத்தில் அந்த மற்றும் ஒருவரின் முழங்கை மட்டும் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முழங்கை என் பக்கத்து வீட்டுக்காரருடையது.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதைக் கட்டியவர் செங்கல்லில் கட்டினாரா அட்டையில் கட்டினாரா என்பது வேறொரு கடிதத்துக்கான விஷயம். பகலில் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுக் கிட்டாரைத் தூக்கினால் எங்கள் சுவர் ஜக்கு ஜக்கு என்று ஆரம்பித்துவிடும். முதலில் நான் சண்டைக்குத்தான் போனேன். “தம்பி, வாசிக்கிறதுதான் வாசிக்கிற, ஒரு பாட்டை வாசிக்கக் கூடாதா? ஒரே இடத்துல வண்டியை நிறுத்தி வச்சு உறும விட்டுக்கிட்டே இருக்கியே” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பாட்டை மத்தவங்க கொண்டு வந்துடுவாங்க சார். நான் ரோடு மட்டும்தான் போடுறேன்” என்றார். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. வேகம் கூடாது, குறையாது, திருப்பத்தில் திணறாது, தேவையில்லாமல் ஹாரன் கிடையாது. என் மனைவி அந்த நேரத்தில்தான் காய் நறுக்குவாள். கத்தி அவர் தாளத்துக்கே விழும், துண்டுகள் அளவெடுத்த மாதிரி வரும். நல்ல ஓட்டுநர் யார் தெரியுமா ஐயா? தேர்வு அதிகாரியே தூங்கிவிட்டால் அவர்தான். என் பணிக்காலத்தில் ஒரே ஒரு அம்மாள் வண்டியில் அப்படித் தூங்கியிருக்கிறேன். வண்டியை நிறுத்தி என்னை எழுப்பி, “சார், பாஸா?” என்று கேட்டார். அதற்கப்புறம் எனக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது இந்தச் சுவர்தான்.

இப்படி இருக்கும்போது அந்த நிகழ்ச்சிக்கு அவரே எங்கள் இருவருக்கும் டிக்கெட் கொடுத்தார். போனோம். பாடகர் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டே இருந்ததால் அவருக்குப் பிடரி என்று பேர் வைத்தாள் என் மனைவி. லீட் கிட்டார்காரர் நிமிஷத்துக்கு ஒரு தரம் மண்டிபோட்டு வாசித்ததால் அவர் முட்டிக்கால். நம்மாள் தூணுக்குப் பின்னால். நான் எனக்குத் தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருக்கிறேன், வரவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், “ஏம்மா, ஜக்கு ஜக்கு ஜகஜக்கன்னு ஒண்ணு இருக்குமே, அதை எப்ப வாசிப்பாங்க?” என்று வாயாலேயே வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “அங்கிள், இப்ப ஓடிட்டிருக்கிறதே அதானே” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் கேட்டு மனப்பாடமான பாட்டு, ஐயா. மேலே இவர்கள் கொட்டி வைத்திருக்கும் சத்தத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்படியானால் அவர் நிற்கும் இடத்துக்கே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். “வேணாங்க, எங்க போனாலும் உங்களுக்கு ஒரு வேலை முளைச்சிடும்” என்றாள் மனைவி. தூணோரமாக மேடைப்படியில் ஏறும்போது செருப்பில் ஏதோ மாட்டியது. காலை உதறினேன். அது அவர் கிட்டாரிலிருந்து வரும் ஒயர். கையோடு, இல்லை, காலோடு வந்துவிட்டது.

இனிமேல் நடந்ததைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மற்ற நாலு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவரவர் ஒயர் அவரவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பாட்டு நின்றுவிட்டது. பிடரி ஒரு வரியை மறுபடி பாடிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நிற்கிறார். முட்டிக்கால் எழுந்து தன் விரல்களையே பார்க்கிறார். டிரம்ஸ்காரர் தூக்கின குச்சி தூக்கினபடி. வீட்டுச் சாவி யாரிடம் என்று தெரியாமல் வாசலில் நிற்கும் குடும்பம் மாதிரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். நம்மாள் மட்டும் பதறவில்லை. குனிந்து, “பரவாயில்ல சார், காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்லி, ஒயரை எடுத்துச் சொருகி, ஜக்கு என்று ஒரு போடு போட்டார். நாலு பேருக்கும் உயிர் வந்தது. கூட்டம் கூரை பறக்கிற மாதிரி கத்தியது.

இதைத் தங்கள் விமர்சகர் எப்படி எழுதியிருக்கிறார்? “பாடகர் தன் மேதைமையால் சட்டென்று படைத்துக் காட்டிய, நெஞ்சை உறைய வைக்கும் அந்த மௌனம்.” என்ன மேதைமை, யாருடைய மௌனம்? அது என் செருப்பு. இடது கால் செருப்பு. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், அட்டைப்படமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கதை இத்தோடு போயிருந்தால் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இதழ் வந்த நாளிலிருந்து எங்கள் சுவர் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி நறுக்கும் காய் ஒன்று யானை, ஒன்று எறும்பு. பொறுக்க முடியாமல் இருவரும் போய்க் கதவைத் தட்டினோம். கிட்டார் உறைக்குள் போய், செருப்பு அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. என்னப்பா என்றேன். “ஒண்ணுமில்ல சார். எங்கம்மா கடைக்குப் போய் அந்தப் புத்தகத்தை வாங்கிட்டு வந்து, முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் என் பேரைத் தேடினாங்க. அப்புறம், ‘உன் கை நல்லா விழுந்திருக்குடா’ன்னாங்க” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வர்ற சனிக்கிழமை ஒத்திகையில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளப் போகிறாராம்.

எனக்கு வந்த கோபத்தில் அவர்மேலேயே பாய்ந்துவிட்டேன். “தூணுக்குப் பின்னால நின்னா தூணைத்தான்யா படம் எடுப்பான். முன்னால வா. மைக்கை நீ பிடி. அந்தப் பிடரிக்கு என்ன, உன்னைவிட ஒரு வாய் கூடுதலா இருக்கா?” என்று விளாசித் தள்ளினேன். மனைவி என் கையைக் கிள்ளினாள், நான் நிறுத்தவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுக்கொண்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, வெள்ளிக்கிழமை வரும் தங்கள் இதழில் திருத்தம் போட்டாக வேண்டும். முழு உருவப் படம் போட வேண்டும். அந்த மௌனம் யாரால் வந்தது, யாரால் தீர்ந்தது என்று எழுத வேண்டும். அவர் முன்னுக்கு வந்து மைக்கைப் பிடிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையே வற்புறுத்த வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் விமர்சகரை இங்கே அனுப்புங்கள், சுவரோரம் நாற்காலி போட்டு வைக்கிறேன். ஒளிப்பானேன், எனக்கு அந்த வாசிப்பு வேண்டும். ஓய்வு பெற்றவனுக்குச் சாயங்காலம் ரொம்பப் பெரிசு ஐயா. அது சத்தமில்லாமல் கிடந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

தாங்களும் தங்களைச் சேர்ந்தவர்களும் நீண்ட ஆயுளோடும், குறைவில்லாத செவியோடும், தூண் இல்லாத அரங்குகளில் நல்ல இருக்கையோடும் வாழ வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. விமர்சகருக்கு இரண்டும் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்துக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அவரே வந்து கதவைத் தட்டினார். முகமெல்லாம் பல். நான் திட்டியது உறைத்துவிட்டதாம். சனிக்கிழமை வரை பொறுக்காமல் இன்றைக்கே குழுவிடம் போய்ப் பேசிவிட்டாராம். இவர் போனால் பாட்டு நின்றுவிடும் என்பதைத்தான் அந்த நாலு பேரும் அன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டார்களே, கேட்டதற்கெல்லாம் சரி என்றுவிட்டார்களாம். இனிமேல் இவரும் பாடுவார். மைக்கும் வாங்கியாயிற்று. “எல்லாம் உங்களாலதான் சார்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய் ஆரம்பித்தார்.

ஐயா, பாடுகிறார். சுருதியை ஒரு வீட்டில் ஆரம்பித்து வேறொரு வீட்டில் முடிக்கிறார். என் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “முன்னால வா, முன்னால வான்னு நீங்கதானே கூப்பிட்டீங்க?” என்கிறாள். கூடவே கிட்டாரும் வாசிக்கிறார் போலிருக்கிறது, சுவரில் காதை ஒட்டி வைத்தாலும் கேட்கவில்லை. மற்றவர்கள் அவரை மறைத்ததற்குத் தங்களிடம் நியாயம் கேட்க வந்தேன். இப்போது அவரையே அவர் மறைக்கிறார், இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? ஆகவே மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். அவர் அம்மா தேடுவார்கள் என்பதால் பேரை மட்டும் போடுங்கள், தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பக்கத்தில் ‘ரிதம் கிட்டார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கப்புறம் பெரிசாக ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள்.