ஏழு பேரா இருந்த ஒருத்தன்

ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கிறது சாமியாலதான் முடியும்னு சொல்லுவாங்க. எங்க ஏழாளு ஒருத்தனே ஏழு இடத்துல இருப்பான். நான் கண்ணால பார்த்தவன். பார்த்தது மட்டுமில்ல, அவன் ஓடுற வழியில குறுக்க நின்னு நாலஞ்சு தடவை இடி வாங்கினவன்.

பிஜியில, நாண்டி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல வோட்டுவாலேவுன்னு ஒரு இடம். அங்க ஒரு சின்ன லாட்ஜ். பிளேன் மாறிப் போறவங்க ஒரு நாள் தங்கிட்டுக் கிளம்புவாங்க. ரூம் பன்னெண்டு, வேலையாளு எட்டுப் பேரு. அதுல நான் வேன் டிரைவர். டிரைவர்னா பெரிசா நினைக்காதீங்க. ஏர்போர்ட்டுக்குப் போற ஒரே ரோட்டுல, ஒரே திருப்பத்துல, தப்பாத் திரும்பினவன் நான். பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் இருந்தேன், மூணும் ஒரே கிளாஸு.

ஏழாளு அப்ப துணி துவைக்கிறவன். பெட்ஷீட்டு, துண்டு, தலகாணி உறை. தவுவாப் பக்கத்துக் கரும்புக்காரக் குடும்பம், என் வயசுதான், தலையில முடின்னு ஒண்ணு கிடையாது. லாட்ஜ்ல எல்லாரும் இந்திதான் பேசுவாங்க. தமிழ் பேசத் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்கும், சமையல்கார பச்சையம்மா அக்காவுக்கும் மட்டும்தான். அதுல ஒரு வசதி, மானேஜரை மானேஜர் முன்னாடியே திட்டலாம்.

அப்புறம் ஊர்ல கூ வந்துச்சு. ராணுவக்காரங்க துப்பாக்கியோட போயி கவர்மெண்டைப் பிடிச்சா அதுக்கு எங்க ஊர்ல பேரு கூ. நம்ம ஆளுங்க பயந்துபோயி கிளம்ப ஆரம்பிச்சாங்க. சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர். யாரைப் பார்த்தாலும் பேச்சு ஒண்ணுதான்: "விசா பேப்பர் வந்துச்சா?"

எங்க லாட்ஜ்ல முதல்ல போனது ரிசப்ஷன் ரோஸி. சட்டையில குத்துற பேர் பேட்ஜைக் கழட்டி மேசை மேல வச்சா, அழுதா, போயிட்டா. மறுநாள் காலையில ஒரு வெள்ளைக்கார அம்மா பெட்டியோட வந்து மணியை அடிக்கிறாங்க. ஆளு இல்ல. துணி துவைச்சிட்டிருந்தவன் ஈரக் கையோட ஓடி வந்தான். மேசையில கிடந்த பேட்ஜை எடுத்துச் சட்டையில குத்திக்கிட்டான்.

அந்தம்மா படிச்சுப் பார்த்துட்டு, "நீங்களா ரோஸி?"ன்னு கேட்டாங்க.

நானா இருந்தா "இல்ல"ன்னு சொல்லி ஓடியிருப்பேன். எனக்கு "இல்ல"தான் தாய்மொழி.

"ஆமாம்மா," அப்படின்னான் அவன். "எங்கப்பா பொண்ணு வேணும்னு கோயில்ல நேர்ந்துக்கிட்டு பேரை முன்னாடியே வச்சிட்டாரு. அப்புறம் நான் வந்துட்டேன். சாமிக்குச் சொன்ன பேரை மாத்த முடியுமா?"

ஒரு நாள் தங்க வந்த அம்மா மூணு நாள் தங்கினாங்க.

"எப்படிடா இப்படிப் புளுகுறே?"ன்னு கேட்டேன்.

"புளுகு இல்ல மச்சான். தவுவாக் கோயில்ல கூத்து நடக்கும்ல, நான் அதுல கோமாளி. ஒரு தடவை துரியோதனனுக்கு நடுச் சபையில மீசை கழண்டு விழுந்துடுச்சு. ஆளு அப்படியே உறைஞ்சுட்டான். விழலைன்னு சொல்ல முடியுமா? ஊரே பார்க்குது. குனிஞ்சு எடுத்து, 'மகாராஜா, உங்க வீரம் கீழ விழுந்துடுச்சு, பீமன் பார்க்கிறதுக்குள்ள ஒட்டிக்குங்க'ன்னு குடுத்தேன். அவ்வளவுதான். வந்ததைத் தள்ளாதே, வாங்கிக்கோ. வாங்கி மேல ஒண்ணு வையி. முக்கியம், கூட நிக்கிறவனை அசிங்கப்பட விடாதே."

"எனக்கு ஒட்டுற மீசை கிடையாதே."

"அதான் வேன் ஓட்டுறே."

அடுத்தது தோட்டக்காரன், அப்புறம் ரூம் பெருக்குற பொண்ணு, அப்புறம் பார்ல ஊத்துறவன். மாசத்துக்கு ஒருத்தர்னு போயிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு பேட்ஜையும் அவன் எடுத்து வச்சுக்கிட்டான். இங்கதான் அவன் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லணும். யாரு பேட்ஜைப் போடுறானோ அவங்களாவே வேலை செய்வான். ரோஸி பேனாவைக் கொண்டையில செருகுவா. இவன் மொட்டைத் தலையில செருகுவான், அது விழும், எடுப்பான், மறுபடி செருகுவான். தோட்டக்காரனுக்கு இடது கால் நொண்டல். இவன் நொண்டிக்கிட்டே புல்லு வெட்டுவான், நடுவுல போன் அடிச்சா நல்ல காலோட ஓடி வருவான்.

பச்சையம்மா அக்கா சிட்னிக்குப் போன அன்னைக்கு நான் சாப்பிடல. பசி இல்லாம இல்ல, எனக்குப் பசி இல்லாத நாளே கிடையாது. பத்து வருஷமா என்னைத் திட்டித் திட்டிச் சோறு போட்ட அக்கா அவங்க. மறுநாள் சமையல்கட்டு வாசல்ல சும்மா போயி நின்னேன். உள்ள ஏழாளு, தோள்ல துண்டு, கையில கரண்டி. திரும்பிக்கூடப் பார்க்கல.

"ஏண்டா, வெளிச்சத்தை மறைக்காதே. ஒண்ணு உள்ள வா, இல்ல தொலைஞ்சு போ. மாடு மாதிரி நிக்கிறான் பாரு."

அதே திட்டு, அதே இழுப்பு. உக்காந்து சாப்பிட்டேன். மீன் குழம்பு வாயில வைக்க முடியல. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, காரம்னு சொன்னேன். காரமே போடலடான்னான்.

கடைசியில மானேஜரும் போனாரு. அவனோடதையும் சேர்த்து ஏழு பேட்ஜ், ஒரு ஆளு. அன்னைக்குத்தான் அவனுக்கு ஏழாளுன்னு பேரு வச்சேன். எட்டாவது ஆளு நான், வேனோட.

சிட்னியில இருக்கிற முதலாளிக்குச் சந்தேகம் வந்துடுச்சு. லாட்ஜை நடத்துறதா, பூட்டுறதான்னு பார்த்துட்டு வரச் சொல்லி ஒருத்தரை அனுப்பினாரு. நான்தான் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். அரை டிராயரு, கையில ஃபைலு. ரிசப்ஷன்ல ரோஸி வரவேத்தா. பார்ல வேற பேரு ஜூஸ் குடுத்துச்சு. தோட்டத்துல நொண்டுச்சு. சிட்னிக்காரர் முன்பக்கம் நடக்க நடக்க, இவன் பின்பக்கமா ஓடி அடுத்த பேட்ஜைக் குத்திக்கிறான். ஒரு சமயம் அவசரத்துல பச்சையம்மா பேட்ஜோட ரிசப்ஷன்ல வந்து நின்னுட்டான்.

"நீ சமையல்காரரா?"

"ஆமா சார். ரோஸிக்குப் பசியாம், சாப்பிட அனுப்பிட்டு நான் நிக்கிறேன்."

அவர் என் பக்கம் திரும்பினாரு. "இங்க மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டு"ன்னு உண்மையைச் சொல்லிட்டேன்.

"ரெண்டு ஷிப்டுன்னு சொல்றான் சார்," அப்படின்னு ஏழாளு என் தோள்ல கையைப் போட்டான். "கூச்சக்காரன். ஆனா இந்த வேன் இல்லைன்னா இந்த லாட்ஜே இல்ல."

சாயங்காலம் அவர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவருக்கு மத்தியானமே தெரிஞ்சிருக்கு. சிரிச்சு முடிச்சுட்டு நிதானமாச் சொன்னாரு: "ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் நடக்கட்டும்னு சொல்றேன். ஒருத்தர் போனாலும் பூட்டிடுவாங்க."

அவர் போனதும் ஏழாளு என்னைப் பார்த்தான். "நீ எங்கயும் போக மாட்டேல்ல?"

"நானா? என்னை எவன் கூப்பிடுறான்," அப்படின்னேன்.

கூப்பிட ஆளு இருந்துச்சு. என் பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் அதுக்கு முந்தின வருஷமே கனடா போயிட்டாங்க, மச்சினன் வீட்டுக்கு. என் பேப்பர் மட்டும் எங்கயோ சிக்கிக் கிடந்துச்சு. சின்னவ போன்ல என்கிட்ட இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சிருந்தா. எனக்கு அதுல பாதி புரியல, பாதி புரிஞ்ச மாதிரி நடிச்சேன்.

ஆறு மாசத்துல பேப்பர் வந்துடுச்சு. லாட்ஜ் விலாசத்துக்குத்தான் வந்துச்சு. ஏழாளுதான் கையில குடுத்தான். "கனடாவுல இருந்து ஏதோ"ன்னான், வேற ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல. நாளைக்குச் சொல்லலாம்னு வச்சேன். அப்படி முப்பது நாளைக்கு வச்சேன். வேன் ஓட்டும்போது சொல்லிப் பார்ப்பேன்: "ஏழாளு, ஒரு விஷயம்." பின்னாடி உக்காந்திருக்கிற பாசஞ்சர் "என்ன?"ன்னு கேப்பான். லாட்ஜுக்கு வந்து அவன் மூஞ்சியைப் பார்த்ததும் "டயர்ல காத்து கம்மி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். அந்த மாசம் பூரா அவன் எனக்காக டயருக்குக் காத்து அடிச்சான்.

கடைசி நாள் காலையில பெட்டியை வேன்ல பின் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சேன். "ஏர்போர்ட் போயிட்டு வந்துடுறேன்"னு சொன்னேன். அவன் சமையல்கட்டுல இருந்து ஒரு பெரிய பொட்டலம் கொண்டு வந்து குடுத்தான்.

"என்னது?"

"ரொட்டி. பசிச்சா சாப்பிடு."

"பத்து நிமிஷ ரோடு, அதுக்கா?"

"உனக்குப் பசிக்கும்டா," அப்படின்னு பச்சையம்மா அக்கா குரல்ல சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

அன்னைக்கு நான் ஏர்போர்ட்டுக்கு ஏத்திட்டுப் போன ஒரே பாசஞ்சர் நான்தான். வேனை நிறுத்தி, சாவியைத் தெரிஞ்ச செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு, பிளேன் ஏறிட்டேன்.

கடல் மேல போகும்போது பொட்டலத்தைப் பிரிச்சேன். உள்ள நாலு சின்னப் பொட்டலம். ஒண்ணு எனக்கு. மிச்சம் மூணு யாருக்குன்னு என் மரமண்டைக்கே புரிஞ்சுடுச்சு. பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துட்டு, பிளேன் பயமான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

வெட்கத்துல அஞ்சு மாசம் போன் பண்ணல. ஒருநாள் மத்தியானம், வீட்டுல யாரும் இல்லாதப்ப, லாட்ஜ் நம்பரைச் சுத்தினேன். ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டாங்க.

தொண்டையைச் செருமுற சத்தம், அப்புறம் எங்க ஊரு வணக்கம். "பூலா. முத்து பேசுறேன். வேன் கிளம்பியாச்சு சார், அஞ்சே நிமிஷம்."

முத்து நான். அது என் குரல், என் செருமல், என் அஞ்சு நிமிஷப் பொய்.

"யாரு பேசுறது?"ன்னு அந்தப் பக்கத்துல இருந்து என் குரல் கேட்டுச்சு.

என் பேரைத்தான் அவன் எடுத்துக்கிட்டானே. மிச்சம் இருந்தது அவன் பேருதான். அதை எடுத்து நான் மாட்டிக்கிட்டேன்.

"ஏழாளு," அப்படின்னேன்.

அப்புறம் மறுபடி செருமல்.

"ஏழாளா. நல்லா இருக்கியா மச்சான்? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டேன். பொண்டாட்டி பிள்ளைங்களைப் பார்க்கணும்டா. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் வரல. வேற ஒண்ணும் இல்ல."

முப்பது நாளா என் வாயில வராதது மொத்தமும் அவன் வாயில வந்துடுச்சு. இப்ப ஏழாளு பதில் சொல்லணும். ஏழாளு நான். அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும், ஆனா எனக்கு நானே அதைச் சொல்லிக்க நா எழல.

"சரி மச்சான்," அப்படின்னேன் ஒருவழியா. "போகத்தானே வேணும். பிள்ளைங்க ரொட்டி சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க. உப்பு இல்லைன்னு சொன்னாங்க."

நெஜமாவே அதைத்தான் சொன்னாங்க.

"லாட்ஜ் எப்படி இருக்கு முத்து?"

"பூட்டிட்டாங்க மச்சான், மூணு வாரம் ஆச்சு. வேனையும் சேர்த்து ஓட்டித்தான் பார்த்தாச்சு. வேன்ல போனா ரிசப்ஷன்ல ஆளு இல்ல, ரிசப்ஷன்ல நின்னா ஏர்போர்ட்ல ஆளு காத்திருக்கு. கட்டில், மெத்தை எல்லாம் ஏத்திட்டுப் போயிட்டாங்க. போன் மட்டும் இந்த மாசம் வரைக்கும் இருக்கு."

"பூட்டின லாட்ஜ்ல உனக்கு என்னடா வேலை?"

இந்தத் தடவை செருமல் வரல. ரோஸி இல்ல, பச்சையம்மா அக்கா இல்ல, நானும் இல்ல. ரொம்ப நாளா நான் கேக்காத, துணி துவைக்கிறவனோட சொந்தக் குரல்.

"முத்து போன் பண்ணுவான்னு உக்காந்திருக்கேன்."