டெய்லர் கேட்டு வாங்கிய நோட்டீஸ்

"நோட்டீஸ் இல்லாம ஒரு செங்கல்லைத் தொட்டாலும் நடக்கிறதே வேற!"

கழுத்தில் அளவு டேப்போடு டெய்லர், இடிக்கும் இயந்திரத்தின் முன்னால் மல்லாந்து படுத்திருந்தார். வாசலில் அது உறுமிக்கொண்டு வந்து நின்றதுமே ஓடிவந்து குறுக்கே விழுந்துவிட்டார். இருக்கிற ஒரே சொத்து அந்த வீடு. ஆனால் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்தே காலம் தள்ளியவர். அளவெடுக்கும்போது கொஞ்சம் சட்டமும் காதில் விழுந்திருந்தது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அண்ணே..." என்று இழுத்தார்.

"உங்கிட்ட எனக்குப் பேச்சில்ல. அதிகாரியைக் கூப்பிடு!"

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கினார். "என்னய்யா தகராறு?"

"அரசாங்கம்னா என்ன வேணாலும் செய்யலாமா சார்? அதுக்கும் அரசியல் சாசனம் ஒரு எல்லை போட்டிருக்கு. நோட்டீஸ் குடுக்காம, என் பக்கத்து நியாயத்தைக் கேக்காம, வீட்டைத் தொடக்கூடாது!"

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் வினை. "வாஸ்தவம். எந்த வீடு?"

"இதோ, இதுதான்!"

அதுவரை அந்த வீட்டை ஏறிட்டும் பார்க்காதவர் நிதானமாகச் சுற்றி வந்தார். "பின்னால வாய்க்கால் மேல நிக்கிறது என்ன?"

டெய்லர் எழுந்து உட்கார்ந்தார். "அடுப்படி சார். மாமனார் கட்டினது."

உள்ளே மனைவி தலையிலடித்துக்கொண்டாள். "எங்கப்பாவை ஏன் இழுக்கிறீங்க? பேசாம உள்ள வாங்களேன்!"

ஜீப்பில் கூட வந்த உதவியாளர் டேப்பை எடுத்து அளந்தார். "அடுப்படியில பாதி வாய்க்கால்ல இருக்கு சார்."

"உங்க டேப்பு நைஞ்சு போனது! என்னோடதுல அளங்க. அதைக் கேக்க எனக்கு உரிமை இருக்கு!"

டெய்லரின் டேப் நூலிழை பிசகாது. முழு அடுப்படியும் படுக்கையறையின் ஒரு மூலையும் வாய்க்காலில் இருப்பதை அது காட்டிக்கொடுத்தது.

அதிகாரி ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து நோட்டீஸ் எழுதி, மரியாதையாக நீட்டினார். "மேல்முறையீடு செய்யலாம். அது முடியுற வரைக்கும் ஒரு செங்கல்லையும் தொடமாட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் தொடுவோம்."

டெய்லர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. மனைவி அடுப்படிச் சுவரைத் தொட்டபடி நின்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஓட்டுநர் மெதுவாக இறங்கி வந்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. நாங்க இடிக்க வந்த பாழடைஞ்ச தண்ணித் தொட்டிக்கு எந்தப் பக்கம் போகணும்? வழி கேக்கத்தானே உங்க வாசல்ல நிறுத்தினேன்!"