பொட்டு வைத்த பிஸ்டல்

சுதந்திர இந்தியா அணை கட்டியது, ஆலை கட்டியது, ஐந்தாண்டுத் திட்டம் போட்டது. எல்லாம் சில்லறைச் சாதனைகள். இவற்றைத் தூக்கிச் சாப்பிடும் சாதனை ஒன்று அதே ஆண்டுகளில் எர்ணாவூர் மணல்வெளியில் நடந்தது. அதைச் சரித்திர ஆசிரியர்கள் கண்டுகொள்ளாமல் விட்டது அவர்களுடைய துரதிர்ஷ்டம். ஒரு கைத்துப்பாக்கியை விருப்பு வெறுப்பின்றி ஆராய்ந்து, அதில் குறையே இல்லை என்று கண்டுபிடித்தது ஒரு மூவர் குழு. அந்தக் குழுவின் மூளையும் பேனாவுமாக இருந்தவர் சுப்புராயன்.

சுப்புராயன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வாரத்தில் ஆறு நாள் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று எழுதி எழுதி அவருடைய முதுகு வளைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிமிர்வார். அன்று அவர் "ராயபுரம் – எண்ணூர் குறிபார்த்துச் சுடுவோர் சபை"யின் கௌரவச் செயலாளர். தலைவர் ஞானதுரை, ராயபுரத்தில் மிளகாய்வற்றல் மண்டி வைத்திருக்கும் தெற்கத்திக்காரர். துணைத்தலைவர் அமீருதீன், வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி. சபையில் எல்லாம் இருந்தது. பெயர்ப்பலகை இருந்தது, ரப்பர் முத்திரை இருந்தது, ஆண்டு விழாவில் எடுத்த குரூப் போட்டோ இருந்தது. சுடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இருந்த ஒரே காற்றுத் துப்பாக்கி காற்றை மட்டுமே சுட்டது.

அந்தக் குறையும் தீர்ந்தது. யுத்தம் முடிந்து கப்பலேறிய ஏதோ ஒரு துரை விட்டுப்போன பிஸ்டல், பல கை மாறி, லைசென்ஸ் சகிதம் ஞானதுரையின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. தை மாதம் பட்டணத்தில் பெரிய போட்டி. பட்டணத்துச் சங்கத்தார் இவர்களைக் "கருவாட்டுக் கோஷ்டி" என்று அழைப்பது வழக்கம். அந்த வாயை அடைக்க வேண்டும். போட்டியில் சேர, துப்பாக்கி தகுதியானதுதான் என்று சபை ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை நல்லபடியாக அமைந்தால் சுப்புராயனை ஆயுட்காலச் செயலாளர் ஆக்குவது என்று ஞானதுரை வாக்குக் கொடுத்திருந்தார். உலகத்தில் வேறெங்கும் தலை நிமிர வழியில்லாத ஒரு மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவருடைய மேலதிகாரியைப் பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆராய்ச்சி மண்டியில் தொடங்கியது.

"முழு அளவு. அரைத் தானியங்கி," என்று சுப்புராயன் லைசென்ஸைப் பார்த்து வாசித்தார்.

அமீருதீன் நெற்றியைச் சுருக்கினார். "இன்னாத்துக்கு அரை? முழுசா ஓடறதா ஒண்ணு பாத்திருக்கலாமே அண்ணாச்சி?"

"மிச்ச அரை நம்ம விரலு பாய்," என்றார் ஞானதுரை. "ஒவ்வொரு குண்டுக்கும் விசைய நாமதான் இழுக்கணும். அடுத்த குண்டு தானா வந்து உக்காந்துக்கிடும்."

"முழு அளவு, அரைத் தானியங்கி. ரெண்டையும் கூட்டி நடுவுல பிரிச்சா முக்கால் வருது. முக்கால் மோசமில்ல," என்றார் அமீருதீன்.

"முக்கால் திருப்தி" என்று சுப்புராயன் குறித்துக்கொண்டார்.

அடுத்து ஞானதுரை பிஸ்டலை மிளகாய்த் தராசில் வைத்து எடை பார்த்தார். பிறகு காதோரம் வைத்துக் குலுக்கினார். வற்றல் காய்ந்ததா என்று விதைச் சத்தத்தில் கண்டுபிடிப்பது மண்டி வழக்கம். கடைசியாக முகர்ந்து பார்த்து, "நல்ல சரக்கு வே, எழுதும்" என்றார். மேல்நாட்டில் இதற்கெல்லாம் இயந்திரம் வைத்திருக்கிறார்களாம், பாவம்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. மண்டியில் தராசு, படிக்கல், கைவண்டி எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் கணக்கப்பிள்ளைகள் பொட்டு வைப்பார்கள். தலைவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவரானாலும் அதைத் தடுத்ததில்லை. நிஜமான ஆயுதம் ஒன்று வந்திருக்கும்போது அதை மட்டும் விடலாமா? ஞானதுரை தலை குனிந்து ஜெபித்தார். அமீருதீன் துவா ஓதி அத்தர் தடவினார். சந்தனமும் குங்குமமும் சுப்புராயனின் பொறுப்பு. அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. துப்பாக்கிக்கு நெற்றி எது?

"வாய் முன்பக்கம் இருக்கிறதால நெற்றியும் முன்பக்கம்தான் இருக்கணும்," என்றார் சுப்புராயன்.

"அப்ப அதும் வாய்க்கு எதிர்ல நின்னு பொட்டு வைக்கப்போறது யாரு?" என்றார் அமீருதீன்.

நெற்றி பின்பக்கம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பிஸ்டலின் முதுகில், கடைக்கோடியில், சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. ஆண்டவன் அதைப் பொட்டுக்கென்றே படைத்ததாகச் சுப்புராயனுக்குத் தோன்றியது. தாராளமாக அப்பினார். சந்தனம் காய்ந்து கல்லாக இறுகியது.

அடுத்த ஞாயிறு மூவரும் எர்ணாவூரில் இறங்கினார்கள். கடலைப் பார்த்தாற்போல ஒரு மணல்மேடு. மேட்டுக்கு முன்னால் வட்டம் போட்ட பலகை. மேட்டுக்குப் பின்னால் பூவம்மாவின் ஓலைக் குடிசை. பூவம்மா உப்பளத்து ஆட்களுக்கு மீன் வறுத்து விற்பவள். சபை காற்றுத் துப்பாக்கியோடு திரிந்த காலத்திலிருந்தே மூவருக்கும் அவள் கைமீன்தான் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம். குடிசை நின்ற இடம் புறம்போக்கு. சபையின் திடலும் அதே புறம்போக்குதான். ஆனால் திடலுக்குப் பெயர்ப்பலகை உண்டு.

முதல் குண்டைத் தலைவர் சுட்டார். காது அடைத்தது. பலகையில் கீறல்கூட இல்லை. மேட்டுக்கு அப்பால் ஒரு சட்டி உடையும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெண்குரலும் கேட்டன. துணைத்தலைவர் சுட்டார். குடிசையின் முகட்டு ஓலை பறந்தது. சுப்புராயனின் முறை வருமுன் பூவம்மாவே மேட்டின்மேல் ஏறி நின்றுவிட்டாள். கையில் மீன் சட்டியின் பாதி.

"இன்னா நைனா, நீங்க சுடறது பலகையா, என் வூடா? ஒண்ண சொல்லிடுங்க. பலகைதான்னா நான் போயி பலகை பின்னால குந்திக்கறேன். அதான் பத்திரமான எடம்."

"பயப்படாதம்மா, இது ஆராய்ச்சி," என்றார் சுப்புராயன்.

"ஆராய்ச்சியோ பூராய்ச்சியோ, உள்ள புள்ளத்தாச்சிப் பொண்ணு படுத்துகினு கீது. எம் மவ நைனா. தலமாட்டுல வந்து வியுது குண்டு."

மூவரும் வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தத்தோடு மீன் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அன்று தண்ணீர்ப் பானை போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு குண்டு சுவரைத் துளைத்து, மகள் படுத்திருந்த பாய்க்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது. அன்று பூவம்மா கத்தவில்லை. குண்டைத் தோண்டி எடுத்துவந்து சுப்புராயனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ எயுதப் படிக்கத் தெரிஞ்சவன். உன்னியத்தான் அவங்க கேக்கறாங்க. இந்தத் துப்பாக்கி கோணல்னு எயுதிப் போட்டுடு நைனா. உனுக்குப் புண்ணியமா போவும்."

"எழுதறேன்," என்றார் சுப்புராயன். மனதாரத்தான் சொன்னார். அன்று அவருக்கு மீன் இறங்கவில்லை.

மறுநாள் மாலை மண்டியில் பிஸ்டலுக்கு எண்ணெய் போட்டவர், குண்டில்லாமல் அதைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. அவர் பொட்டு வைத்த மேட்டில் ஒரு பள்ளம் உண்டு. முனையில் ஒரு முளை உண்டு. பள்ளத்துக்குள் முளை தெரியும்படி பிடித்தால் குண்டு பலகைக்குப் போகும். சந்தனம் பள்ளத்தை அடைத்து அதன்மேல் ஒரு குன்றையும் எழுப்பியிருந்தது. குன்றுக்கு மேலே முளையைத் தேடியவர்கள் எல்லாரும் பிஸ்டலின் வாயைத் தூக்கினார்கள். குண்டு பலகையையும் மணல்மேட்டையும் தாண்டிப் பூவம்மா வீட்டுக்குப் போயிற்று. துப்பாக்கி கோணலில்லை. கோணலுக்குக் காரணம் சுப்புராயனின் மோதிர விரல்.

நகத்தை வைத்துச் சுரண்டப் போனார். கை நின்றது. பொட்டை அழிப்பதா? போட்டிக்கு முன்னால், அதுவும் மும்மத ஆசி பெற்ற பொட்டை? அழித்தது யார் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். வைத்தது யார் என்பதில் போய் முடியும். பிஸ்டலைப் பக்தியோடு பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆராய்ச்சிக் குழுவின் இறுதிக் கூட்டம் கூடியது. குண்டு ஏன் மேலே போகிறது?

"செஞ்சவன் வெள்ளைக்காரன். அவன் நெட்டையா இருப்பான்," என்றார் அமீருதீன். "நெட்டைக்கு நேரா கீறது நமக்கு ஒசரம்."

"கடல் காத்துல்லா குண்டத் தூக்குது," என்றார் ஞானதுரை. "என்னத்துக்கு வீண் பேச்சு? குண்டு மேல போனா என்ன நட்டம்? மேட்டத் தாண்டுனா கடலு. கடலா வந்து புகார் சொல்லப்போவுது? நடுவுல அந்தக் குடிசை நிக்கப்போயித்தான் இவ்வளவு பேச்சும்."

"வாஸ்தவம். குடிசை இல்லாங்காட்டி குண்டு தப்பிப்போச்சுன்னே யாருக்கும் தெரியாது," என்றார் அமீருதீன்.

சுப்புராயன் வாயைத் திறந்தார். பூவம்மா கொடுத்த குண்டு சட்டைப்பையில் கனத்தது.

"நம்ம ஆயுட்காலச் செயலாளர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் ஞானதுரை.

திறந்த வாய் ஒரு கொட்டாவியாக மூடியது. "எழுதிடறேன்," என்றார் சுப்புராயன். பூவம்மாவிடம் சொன்னதும் இதைத்தான். ஆக, சொன்ன சொல் தவறாதவர்.

அந்த அறிக்கை ஒரு காவியம். "இப்பிஸ்டல் பிடிக்கு இதமானது. உதை மிதமானது. விசை மென்மையானது. எவ்விதக் குறையுமற்றது. எனினும், எர்ணாவூர்த் திடலில் குண்டுகளின் இயற்கையான பாதையில் குடிசை ஒன்று அத்துமீறி அமைந்துள்ளது. பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு, பொதுமக்களை அங்கிருந்து அகற்றுவது உசிதம்." முத்திரை குத்தி, ஒரு பிரதி போட்டிக்கும் ஒரு பிரதி சம்பந்தப்பட்ட இலாகாவுக்கும் போயிற்று.

இலாகாக்கள் மந்தமானவை என்று தூற்றுகிறவர்கள் அந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் ஒரு காலை ஆட்கள் வந்தார்கள். மதியத்துக்குள் குடிசை இருந்த இடத்தில் நனைந்த மணல் இருந்தது. செயலாளர் என்ற முறையில் சுப்புராயன் குடை பிடித்துக்கொண்டு உடனிருந்தார். பூவம்மா ஒரு கையில் மூட்டையும் மறுகையில் மகளின் தோளுமாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எயுதறேன்னியே நைனா. இன்னா எயுதுன?"

"உங்க பாதுகாப்புக்காகத்தான்…"

பூவம்மா மகளிடம், "நடம்மா, மெதுவா நட. காட்டுப்பள்ளியில சின்னம்மா வூட்டாண்ட போயிடலாம்" என்று சொல்லிவிட்டு வடக்கே போனாள். சுப்புராயன் குடையை நீட்டவேண்டும் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அவர்கள் மழையில் தூரம் போய்விட்டார்கள்.

தையும் வந்தது. பட்டணத்துத் திடலில், துப்பாக்கிகளைச் சோதித்த பட்டாள அதிகாரி பிஸ்டலைக் கையில் எடுத்தார். "என்ன இது அழுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேனாக்கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்துக் கொடுத்தார். ஞானதுரைக்கும் அமீருதீனுக்கும் முகம் செத்துப்போயிற்று. வேறு வழியின்றித் தலைவர் சுட்டார். ஐந்து குண்டும் பலகையில் பட்டன! அவற்றில் இரண்டு, வட்டத்துக்கு உள்ளேயே விழுந்தன. கருவாட்டுக் கோஷ்டிக்கு மூன்றாம் பரிசுக் கேடயம் கிடைத்தது.

கேடயத்தோடு எர்ணாவூருக்கு வந்து மறுபடி சுட்டுப் பார்த்தார்கள். எல்லாக் குண்டும் பலகைக்கே போயின. மணல்மேட்டைத் தாண்டி ஒன்றுகூடப் போகவில்லை.

"பாத்தீரா வே!" ஞானதுரை தொடையைத் தட்டினார். "அந்தக் குடிசைய எடுத்தோம், துப்பாக்கி நேராயிட்டு. அன்னைக்கே சொன்னேம்லா?"

"பொட்டு அழிஞ்சும் சுடுது பாரு. அம்புட்டும் அண்ணாச்சி ராசி," என்றார் அமீருதீன்.

ஆயுட்காலச் செயலாளர் சுப்புராயனுக்கு அங்கேயே மாலை போட்டார்கள். மாலை கனத்ததால் அவரால் சரியாக நிமிர முடியவில்லை.

விழா முடிந்ததும் மூவருக்கும் பசித்தது. பழக்கதோஷத்தில் ஒரே நேரத்தில் மேட்டைப் பார்த்தார்கள். அந்தப் பக்கமிருந்து புகையும் வரவில்லை, வாசனையும் வரவில்லை.

"இது ஒரு குறைதான் வே. ஆண்டறிக்கையில ஒரு வரி எழுதிப்போடும்," என்றார் தலைவர்.

சுப்புராயன் பேனாவைத் திறந்து, தம்முடைய அழகான கையெழுத்தில் எழுதினார்: "திடலில் இப்போது வறுத்த மீன் கிடைப்பதில்லை. இந்தக் குறைக்குத் துப்பாக்கி பொறுப்பல்ல."