மாப்பிள்ளை சாவியை ஆட்டினால் பூச்சி விழுகிறது

உத்திரமேரூர்,
வியாழக்கிழமை.

வாலாஜாபாத்தில் மீசையோடும் பெருமையோடும் வாழும் தாய்மாமா வேதாசலம் அவர்களுக்கு, மருமகன் சின்னராசு விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே அம்மா, அக்கா, எருமை எல்லாரும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை. காரணம் உங்கள் தங்கச்சியின் கை.

நீங்கள் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை சேட்டு ஞாயிறு சாயங்காலம் மோட்டார் பைக்கில் கனகா அக்காவைப் பெண் பார்க்க வந்தார். அவர் அம்மா சொக்கம்மாள் பஸ்ஸில் வந்தார்கள். அன்றைக்கென்று கரண்ட் இருந்ததுதான் முதல் கோளாறு. மழைக்காலமா, வாசல் பல்பைச் சுற்றி விட்டில்பூச்சி ஊர்வலம். மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்தால் சாவிக்கொத்தை விரலில் மாட்டிக் கலகலவென்று சுழற்றுகிறார். சுழற்றினார், ஒரு பூச்சி காபியில் விழுந்தது. வேறு காபி வந்தது, சுழற்றினார், கேசரியில் இரண்டு விழுந்தன. அக்கா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தாள், அதைப் பார்த்து அவருக்கு இன்னும் வெட்கம், இன்னும் சுழற்றல், கடைசியில் சொக்கம்மாள் மடியிலேயே ஒன்று. அந்த அம்மாள் எழுந்து நின்று சொன்னார்கள்:

“பொண்ணு வந்து நின்னதும் பூச்சி பொத்து பொத்துனு வியிது. இன்னா சகுனமோ, எனுக்கு மனசு ஒப்பல.”

சகுனமும் இல்லை, சாமியாட்டமும் இல்லை மாமா. தெருவிளக்கடியில் மாட்டு மணி, சங்கிலி, சாவி எல்லாம் ஆட்டிப் பார்த்தவன் நான். மணிக்கு விழாது, சாவிக்கு விழும். வௌவால் நம் காதுக்கு எட்டாத கீச்சுக்குரல் விட்டு, அது இரைமேல் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் இருட்டில் பிடிக்கிறதாம்; கடலைப் பொட்டலக் காகிதத்தில் போட்டிருந்தது. பூச்சிக்கும் காது உண்டாம். சாவி உரசும்போது அந்த எட்டாத சத்தமும் வரும்போல. வௌவால்தான் வந்துவிட்டது என்று பயந்து, பூச்சி றெக்கையை மடக்கி விழுந்து தப்பிக்கப் பார்க்கிறது.

ஆனால் அன்று அதே வாசல் பல்படியில் உடம்பெல்லாம் பஞ்சாக ஒரு குண்டுப்பூச்சி இருந்தது. எத்தனை சுழற்றியும் விழவில்லை. நிஜ வௌவால் வந்தபோதும் இதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பூச்சியைக் கவ்விக்கொண்டு போனது. காதே கேட்காத ஜென்மம் எப்படிப் பிழைக்கிறது? மறுநாள் அதே யோசனையாக நம் கிணற்றில் ‘மாமா’ என்று கத்தினேன், ‘மாமா’ திரும்பி வந்தது. மெத்தை தைக்கும் ஞானதாஸ் கடையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே கத்தினேன், ஒன்றும் திரும்பி வரவில்லை, ஞானதாஸ்தான் வந்தார். ஆகப் பஞ்சு சத்தத்தைத் தின்றுவிடுகிறது. வௌவால் கத்துகிறது, பதில் வரவில்லை, அங்கே ஆளில்லை என்று போய்விடுகிறது. சரிதானா மாமா?

சாவி விஷயத்தைச் சொக்கம்மாளுக்கு நிரூபித்துவிடலாம் என்று அந்த ஞாயிறன்றே, மாப்பிள்ளை கீழே வைத்திருந்த சாவிக்கொத்தைத் தேடினேன். காணோம். உடனே எல்லார் கண்ணும் என்மேல். என் சட்டைப்பையைக் கவிழ்த்தார்கள், பிறகு என்னையே கவிழ்த்து உலுக்கினார்கள். அம்மா அடித்தது அப்போதுதான். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பஸ்ஸில் போய்விட்டார்கள். பைக் நம் வாசலில் நிற்கிறது. சீட்டில் கோழி படுக்கிறது, அக்கா தினமும் துடைத்து வைக்கிறாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது மாமா, எனக்குத் தெரியும். ஆனால் இனி நம் வாசலை மிதிக்கக்கூடாது என்று அவர் அம்மா சொல்லிவிட்டார்களாம். ஆகவே நீங்களே மாற்றுச் சாவியை வாங்கி, சொக்கம்மாளையும் எப்படியாவது கூட்டி வரவும். அவர்கள் கண்ணெதிரே பூச்சியை விழவைத்துக் காட்டுகிறேன்.

அத்தைக்கு வணக்கம். தங்கள் மீசைக்குத் தனி வணக்கம்.

இப்படிக்கு,
அடிபட்ட மருமகன்
சின்னராசு

பி.கு.: மாற்றுச் சாவி வேண்டாம். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடிதத்தை ஒட்டும் முன் இன்னொரு சோதனைக்காக அக்காவின் தலையணையில் கொஞ்சம் பஞ்சு உருவப் போனேன். கையில் சாவிக்கொத்து தட்டுப்பட்டது. தலையணையோடு உலுக்கிப் பார்த்தேன், சின்னச் சத்தம்கூட இல்லை. என் கணக்கு சரி மாமா. திரும்பினால் அக்கா நிற்கிறாள்.

“வண்டி வேணும்னா அவரே வந்து கேக்கட்டும். நீ கம்முனு கெட.”

நான் கம்முனு இருக்கிறேன். நீங்களும் பஞ்சு மாதிரி இருங்கள், மாமா. சொன்னது எதுவும் திரும்பி வரக்கூடாது.