தேனீ மையத் திறப்பு விழாவும் தேனீக்களின் இடையூறும்

தேனீக்களுக்கு மனித குலம் செலுத்த வேண்டிய மரியாதை முழுவதையும் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஒரே வாரத்தில் செலுத்தி முடித்தது. 'தேனீ மரபணு மற்றும் சமூக நடத்தை உயராய்வு மையம்' என்று வாசலில் பித்தளைப் பலகை. பலகையே இத்தனை நீளம் என்றால் ஆராய்ச்சி எத்தனை ஆழமாக இருக்கும்!

அந்த ஆராய்ச்சி, கட்டடத்துக்குப் பின்னால் முனைவர் பட்ட மாணவி கலையரசி தேனீ வளர்த்த ஆறு பெட்டிகளில் நடந்தது. கூட்டு வாசலில் காவல் நின்று, அந்நியன் வந்தால் கொட்டிவிட்டுச் செத்துப்போகிற தேனீக்களின் மரபணுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பட்டமும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது.

விழாக் குழு கூடியது. இயக்குநர் வேதநாயகம் தொண்டையைச் செருமினார்.

"திறந்து வைக்க வாரவர் பெரிய ஆளு. ஒரு தேனீ கொட்டிச்சுன்னா நிதி நின்னு போவும். மருந்தடிச்சிருவோம்."

கலையரசி பதறி எழுந்தாள். "சார், தேனீ மையத்துல தேனீயக் கொல்லுததா? வண்டி குடுங்க. ரெண்டு நாள் ஆழ்வார்குறிச்சித் தோப்புல வச்சிருந்து கொண்டாந்திருதேன்."

"வண்டி அல்வா வாங்கப் போயிருக்கும்மா," என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் நாறும்பூநாதன், உண்மையான வருத்தத்தோடு.

"ஆட்டோ பிடிச்சுக்கிடுதேன் சார்."

"இங்கன பாரும்மா, தேனீ கல்லூரிச் சொத்து," என்றார் இயக்குநர். "வெளிய கொண்டுபோக மேலிடத்து அனுமதி வேணும். கொல்லுததுக்கு அது வேண்டாம்."

'மையத் திறப்பு விழாவுக்கு இடையூறாக உள்ள தேனீக்களை அகற்றுவது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாணவியின் மனது கணக்கில் சேராது.

விழாவுக்கு முந்தின நாள் மருந்துக்காரர் வந்தார். காவல் தேனீக்கள் பாய்ந்து அவர் கையில் கொட்டிச் செத்தன. பின்னால் நின்றவையும் ஓடவில்லை; மருந்தில் விழுந்து செத்தன. கலையரசி அழுதுகொண்டே எல்லாவற்றையும் பெருக்கி அள்ளினாள்.

விழா பிரமாதம். மேடையில் விழாக் குழு பொன்னாடையோடு வீற்றிருந்தது. சிறப்பு விருந்தினர் தெர்மாகோல் தேனீயைத் தடவிக்கொடுத்துக் கேட்டார்: "கூட்டத்துக்காக உசிரக் குடுக்குத ஜீன் தேனீகிட்ட இருக்குன்னு சொல்லுதாங்களே, கண்டுபிடிச்சாச்சா?"

இயக்குநர் பெருமையோடு கலையரசியைக் கைகாட்டினார்.

"அது உள்ளதுகள எல்லாம் நேத்து மருந்தடிச்சுக் கொன்னாச்சு ஐயா," என்றாள் அவள். "இல்லாததுக மேடையில உக்காந்திருக்கு."